முன்னே ஏறுபவர் விழக்கூடாது

பாறை ஏறப் பழக வருபவருக்கு இன்று முதல் நாளே இடுப்பில் ஹார்னஸ் மாட்டுகிறார்கள், தலையில் ஹெல்மெட் கவிழ்க்கிறார்கள், பாறை உச்சியில் கட்டி இறக்கிய கயிற்றின் ஒரு முனையை அவரோடு பிணைக்கிறார்கள். கை நழுவினால் ஓரடி இறங்கித் தொங்குவார்; மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறுவார். விழுவதும் பயிற்சியில் சேர்த்திதான். ஆனால் இந்த ஏற்பாட்டில் அனேகமாக எல்லாமே இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தவை. அதற்கு முன் அறுபது ஆண்டுகள் இந்த விளையாட்டு ஒரே ஒரு விதியை நம்பி நடந்தது: முன்னே ஏறுபவர் விழக்கூடாது. புதியவர் எங்கே தொடங்கலாம், யாரிடம் பழகலாம், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த விதியே முடிவு செய்தது. அது உருவானதையும் தளர்ந்ததையும் பார்ப்பதற்கு ஏற்ற இடம் இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட் என்னும் ஏரி மாவட்டம்.

அங்குள்ள மலைகள் பெரிய மலைகள் அல்ல. நாட்டிலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர்தான். எரிமலைச் சாம்பலும் குழம்பும் இறுகி உண்டான கெட்டிப் பாறையைப் பனியாறுகள் செதுக்கிவிட்டுப் போனதால், உயரம் குறைவானாலும் செங்குத்தான முகங்களுக்குப் பஞ்சமில்லை. அந்த முகங்களில் முதலில் ஏறி இறங்கியவர்கள் விளையாட்டுக்காக அதைச் செய்யவில்லை. புல்லைத் தேடிப் போய்த் திண்டில் மாட்டிக்கொண்டு, முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் கத்தும் ஆட்டை மீட்பது இடையர்களின் வேலை. என்னர்டேல் பள்ளத்தாக்கில் தனித்து நிற்கும் பில்லர் ராக் என்ற பெரும்பாறையில் யாராலும் ஏற முடியாது என்று பேச்சு இருந்தது; வேர்ட்ஸ்வொர்த்தின் ஒரு கவிதையில் இடையன் ஒருவன் அங்கிருந்து விழுந்து சாகிறான். 1826இல் ஜான் அட்கின்சன் அதன் உச்சியை அடைந்தார். அவர் தொழில் மரப்பீப்பாய் செய்வது.

இடையரும் அல்லாத, பீப்பாய் செய்பவரும் அல்லாத ஒருவர் அதற்கு முன்பே ஒரு பாறையில் சிக்கிக்கொண்டு தப்பியிருந்தார். கவிஞர் கோல்ரிட்ஜ் 1802 ஆகஸ்டில் ஸ்காஃபெல் மலையிலிருந்து தனியாக இறங்கும்போது, பாதையைத் தேடாமல் கண்ணில் பட்ட வழியில் இறங்கினார். அந்த இடத்துக்கு பிராட் ஸ்டாண்ட் என்று பெயர். ஒரு திண்டின் விளிம்பைக் கையால் பிடித்துத் தொங்கி அடுத்த திண்டில் விழுந்தார், அங்கிருந்து இன்னொன்று. இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகுதான், மேலே திரும்பிப் போக முடியாது என்பது அவருக்கு உறைத்தது. கைகால்கள் நடுங்கின. கடைசியில் ஒரு குறுகிய பிளவு கிடைத்து, அதற்குள் நுழைந்து வழுக்கி இறங்கிப் பிழைத்தார். திரும்ப ஏற முடியாத இடத்தில் குதித்து இறங்காதே என்பது இன்றும் புதியவருக்குச் சொல்லப்படும் முதல் பாடம். பிராட் ஸ்டாண்டில் இன்றும் மலை நடை வருபவர்கள் அதே தவறைச் செய்கிறார்கள். மீட்புக் குழுக்களுக்கு அது பழகிப்போன இடம்.

பாறை ஏறுவதை அதற்காகவே செய்யலாம் என்ற எண்ணம் ஆங்கிலேயருக்கு வர இன்னும் எண்பது ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியில், சாக்சனியின் மணற்பாறைத் தூண்களில் அது முன்பே முளைத்துவிட்டது. பாட் ஷாண்டவ் ஊரின் உடற்பயிற்சிக் கழகத்தார் 1864இலேயே ஃபால்கன்ஸ்டைன் தூணில் ஏறியிருந்தார்கள். எனவே பாறையேற்றத்தின் பிறந்த வீடு எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இங்கிலாந்துப் பக்கத்தின் சாட்சி வால்டர் பாரி ஹாஸ்கெட் ஸ்மித். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தவர், 1881 கோடையில் சில மாணவ நண்பர்களோடு பாடம் படிப்பதற்கென்று வாஸ்டேல் ஹெட் என்ற சிற்றூருக்கு வந்தார். நாலைந்து பண்ணை வீடுகள், கல் அடுக்கிய வேலிகள், யூ மரங்களுக்கு நடுவே குட்டித் தேவாலயம், ஒரு விடுதி, ஊர் அவ்வளவுதான். புத்தகம் எவ்வளவு படித்தார் என்பது தெரியாது. மலைப் பிளவுகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டார். அடுத்தடுத்த ஆண்டுகளில் மறுபடி மறுபடி வந்தார்.

1886 ஜூன் இறுதியில் அவர் தனியாக கிரேட் கேபிள் மலையின் தென்முகத்துக்குப் போனார். அங்கே மலையிலிருந்து பிரிந்து ஊசிபோல் நிற்கும் நேப்ஸ் நீடில் என்ற பாறை இருக்கிறது. ஏறத்தாழ ஆறு மாடி உயரம். உச்சியில் ஒரு மேசைப்பலகை அளவுக்குத்தான் இடம். கயிறும் இல்லை, துணையும் இல்லை. தோள்மட்டத்தில் நின்றுகொண்டு, கடைசிக் கல்லின் தலைப்பகுதி தட்டையா சாய்வா என்று அறிய சில கற்களைத் தூக்கி மேலே எறிந்து பார்த்தார். அவற்றில் ஒன்று கீழே வராமல் தங்கியதும், தட்டைதான் என்று முடிவுகட்டி ஏறினார். ஏறியதற்கு அடையாளமாகக் கைக்குட்டையை உச்சியில் விட்டுவிட்டு, வந்த வழியே இறங்கினார். இங்கிலாந்தின் பாறையேற்ற வரலாறு அந்தக் கைக்குட்டையிலிருந்து தொடங்குவதாக எழுதுவது வழக்கம். தொடக்கம் என்பது ஒரே நாளில் நடப்பதில்லை என்றாலும், இவ்வளவு நல்ல கதையை விட யாருக்கும் மனமில்லை. ஐம்பது ஆண்டு கழித்து, 1936 ஈஸ்டர் அன்று, 76 வயதில் அவர் மறுபடி அதே ஊசியில் ஏறினார். இந்த முறை முன்னும் பின்னும் கயிற்றுத் துணை இருந்தது. கீழே நூற்றுக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தொடக்க காலத்தில் பாறை ஏறப் பழகுவதற்கு ஒரே வழி, ஏறுபவர் யாரையாவது தெரிந்திருப்பது. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாஸ்டேல் விடுதியில் கூடியவர்கள் பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், பள்ளி ஆசிரியர்கள், பொறியாளர்கள். ரயில் செலவும் விடுதிச் செலவும் தாங்கக்கூடியவர்கள். மழை விடாத நாட்களில் விடுதிக்குள்ளேயே பயிற்சி நடக்கும்: தரையைத் தொடாமல் பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றி வருவது, பக்கத்துக் களஞ்சியத்தின் கல்சுவரில் விரல் நுனியில் பக்கவாட்டில் நகர்வது. புதிதாக வந்தவரை மறுநாள் யாராவது ஒருவர் தம் கயிற்றின் பின்முனையில் கட்டிக்கொண்டு போவார். கட்டணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. நல்வாக்கு ஒன்றுதான் நுழைவுச்சீட்டு.

இந்த வட்டத்தை உடைத்தவை ஒரு புகைப்படமும் ஒரு புத்தகமும். 1891இல் லண்டனில், ஸ்ட்ராண்ட் வீதிக் கடைச் சாளரத்தில் நேப்ஸ் நீடிலின் படத்தை ஓவன் கிளின் ஜோன்ஸ் பார்த்தார். இயற்பியல் படித்தவர், பின்னர் லண்டன் பள்ளியொன்றில் ஆசிரியர். பார்த்த கையோடு ரயிலேறிப் போய் அந்த ஊசியில் ஏறினார். பிற்பாடு கெஸ்விக் ஊரில் புகைப்படக் கடை வைத்திருந்த ஜார்ஜ், ஆஷ்லி ஏப்ரஹாம் சகோதரர்களோடு அவர் கூட்டுச் சேர்ந்தார். கண்ணாடித் தகடு வைக்கும் கனத்த கேமராவை முதுகில் சுமந்து பாறைக்கு நடுவில் நிறுத்திப் படம் எடுத்தவர்கள் அவர்கள். அந்தப் படங்களோடு ஜோன்ஸ் ஏரி மாவட்டப் பாறையேற்றம் பற்றி 1897இல் வெளியிட்ட புத்தகம், யாரையும் தெரியாத ஒருவருக்கும் எங்கே போய் எந்தப் பிளவில் கால் வைப்பது என்று சொல்லிக் கொடுத்தது. ஏப்ரஹாம் சகோதரர்களின் கெஸ்விக் கடை பின்னாளில் மலையேற்றச் சாமான் விற்கும் கடையாயிற்று.

ஜோன்ஸின் புத்தகம் இன்னொன்றும் செய்தது. வழிகளை நான்கு படிகளாகப் பிரித்தது: எளிது, நடுத்தரம், கடினம், மிக மிகக் கடுமை. புதியவர் எதில் தொடங்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அச்சில் சொன்ன முதல் பட்டியல்களில் அதுவும் ஒன்று. ஏறுபவர்களின் திறமை கூடக்கூட மேலே புதிய படிகள் சேர்ந்தன. கீழே இருந்த பெயர்களை மட்டும் யாரும் மாற்றவில்லை. விளைவு வேடிக்கையானது. பிரிட்டிஷ் வழக்கில் இன்று ‘கடினம்’, ‘மிகக் கடினம்’ என்று பெயர் பெற்றவைதாம் முதல் நாள் பழகுபவருக்குக் கொடுக்கப்படும் வழிகள். ‘மிகக் கடினம்’ என்ற வழியில் எட்டு வயதுப் பிள்ளை ஏறுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் திகைப்பது அங்கே வாடிக்கை. விக்டோரியா காலத்துக் கனவான்களுக்கு, ஆணியடித்த பூட்ஸோடு, மழையில், அது உண்மையிலேயே மிகக் கடினமாகத்தான் இருந்தது.

அவர்களுடைய கயிற்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மணிலா நாரில் மூன்று புரியாக முறுக்கியது. லண்டனில் செய்த ஆல்பைன் கிளப் கயிறு என்றால் நடுவே ஒரு சிவப்பு நூல் ஓடும்; தரக் கயிறு என்பதற்கு அதுவே முத்திரை. 1865இல் மேட்டர்ஹார்ன் மலையில் கயிறு அறுந்து நால்வர் இறந்த நினைவு இன்னும் ஆறாத காலம் அது. நனைந்தால் இந்தக் கயிறு கிணற்றுத் தாம்புபோல் ஊதிக் கனக்கும். உறைபனியில் இரும்புக் கம்பியாக விறைக்கும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உள்ளுக்குள் மக்கிப்போகும், வெளியே தெரியாது. அதை நேரே இடுப்பில் சுற்றி போலைன் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். ஹார்னஸ் கிடையாது. அதில் அந்தரத்தில் தொங்க நேர்ந்தால் கயிறு விலாவுக்கு ஏறி மூச்சை நெரிக்கும். சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து.

கணக்கு இதுதான். மேலே நிற்பவர் கீழே இருப்பவரைக் கயிற்றால் காக்க முடியும். கயிறு மேலிருந்து வருவதால் கீழே இருப்பவர் நழுவினாலும் ஓரடிக்கு மேல் போகமாட்டார். ஆனால் முன்னே ஏறுபவருக்கு மேலே ஒன்றும் இல்லை. கீழே கயிறு பிடிப்பவரைவிட ஐந்து மீட்டர் உயரத்தில் அவர் நழுவினால், அந்த ஐந்தும் இறங்கி, அதற்குக் கீழே இன்னொரு ஐந்தும் இறங்கிய பிறகே கயிறு இறுகும். மணிலா நார் அதிகம் இழுபடாது. பத்து மீட்டர் விழுந்த வேகம் முழுவதும் ஒரு நொடிப்பொழுதில், ஒரே வெட்டில் கயிற்றின் மேல் வரும். கயிறு அறும், அறாவிட்டால் பிடித்திருப்பவர் பிடுங்கி எறியப்படுவார். விதி உபதேசமாக வந்ததல்ல. கயிற்றின் குணத்திலிருந்து வந்தது. ஆகவே புதியவர் எப்போதும் பின்னால்தான் ஏறினார். பல பருவங்கள் பின்னால் ஏறி, முன்னே போகிறவரின் கால் வைப்பைப் பார்த்து, தன் திறமைக்கு இரண்டு படி கீழான வழியில்தான் ஒருநாள் முன்னே போக அனுமதி பெறுவார். எங்கே நிறுத்தித் திரும்ப வேண்டும் என்று அறிவதே திறமையாக மதிக்கப்பட்டது.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை 1903 செப்டம்பரில் எல்லாரும் கண்டார்கள். ஸ்காஃபெல் பினாக்கிள் பாறையில் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறிய நால்வரும் விழுந்து இறந்தார்கள். பாறையோடு கட்டப்படாத கயிறு யாரையும் காப்பதில்லை. ஒருவர் விழுந்தால் மற்றவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் சங்கிலி அது. நிற்பவர் முதலில் தன்னைப் பாறையோடு பிணைத்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் அடுத்தவருக்குக் கயிறு பிடிக்க வேண்டும் என்பது இன்று முதல் மணி நேரப் பாடம். அன்று அது அவரவர் விருப்பமாக இருந்தது. வாஸ்டேல் தேவாலய முற்றத்தில் அந்த விபத்தின் கல்லறைகள் இருக்கின்றன.

1906இல் ஃபெல் அண்டு ராக் என்ற ஏறுவோர் சங்கம் ஏரி மாவட்டத்துக்கென்றே தோன்றியது. ஆஷ்லி ஏப்ரஹாம் அதன் முதல் தலைவர். பெண்களை அது ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொண்டது. லண்டனின் ஆல்பைன் கிளப் பெண்களுக்குக் கதவு திறந்தது 1974இல்தான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் பெருமை தெரியும். ஆயினும் சேர்ப்பது வேறு, முன்னே ஏற விடுவது வேறு. கணவரோ அண்ணனோ முன்னே போக, பெண்கள் ஆயுளுக்கும் பின்முனையில் ஏறும் நிலை இருந்தது. அங்கே விதி ஒரு சாக்காகவும் பயன்பட்டது: விழக்கூடாத இடத்தை எப்படிப் பெண்ணிடம் ஒப்படைப்பது என்ற பேச்சு. இதற்குப் பதிலாக எமிலி கெல்லி முன்முயற்சியில் 1921இல் பினாக்கிள் கிளப் உருவானது. பெண்கள் மட்டும், பெண்களே முன்னேயும் பெண்களே பின்னேயும். ஆண் இல்லாத கயிற்றில் யாராவது ஒரு பெண் முன்னே போய்த்தானே ஆக வேண்டும்.

காசு வாங்கிக்கொண்டு புதியவர்களைப் பழக்கியவர்களும் இருந்தார்கள். அவர்களில் மறக்க முடியாதவர் மில்லிகன் டால்டன். லண்டனில் காப்பீட்டு நிறுவன எழுத்தர் வேலையை நாற்பதுக்கு முன்னரே உதறிவிட்டு, கோடைகாலங்களை பாரோடேல் பள்ளத்தாக்கின் காசில் கிராக் குன்றிலுள்ள குகையில் கழித்தார். அது கல்வெட்டியெடுத்த பழைய சுரங்கக் குடைவு. உடையும் கூடாரமும் அவரே தைத்தவை. அரைக்கால் சட்டை, இறகு செருகிய தொப்பி, ஓயாத சிகரெட், கரிய காபி. தம்மைச் ‘சாகசப் பேராசிரியர்’ என்று விளம்பரம் செய்துகொண்டார். ஆணும் பெண்ணும் சேர்ந்த முகாம்களை அவர் நடத்தியது அக்காலத்தில் புருவம் உயர்த்த வைத்தது. நேப்ஸ் நீடிலுக்குப் புதியவர்களை அழைத்துப்போவது அவருக்கு ஊர்க்கோயிலுக்கு அழைத்துப்போவதுபோல. 1913இல் அவரிடம் அப்படி வந்த மேபல் பார்க்கர், பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு ஸ்காஃபெல்லின் சென்ட்ரல் பட்ரஸ் வழியில் ஏறிய முதல் பெண்ணானார். 1914இல் சீக்ஃப்ரீட் ஹெர்ஃபோர்டும் ஜார்ஜ் சான்சமும் திறந்த அந்த வழி, நாட்டிலேயே கடினமானது என்று நெடுநாள் பெயர் வாங்கியிருந்தது.

அச்சிலும் பாடம் வளர்ந்தது. 1920இல் ஜெஃப்ரி வின்த்ராப் யங் வெளியிட்ட தடித்த கையேடு தலைமை தாங்குபவரை நோக்கி எழுதப்பட்டது; படிக்கப் பொறுமை வேண்டும். புதியவரின் காதில் நேரே பேசிய புத்தகம் 1941இல்தான் வந்தது. காலின் கிர்கஸ் பள்ளிப் பிள்ளைகளுக்கென எழுதிய அதன் தலைப்பே ‘ஏறப் போவோம்’ என்று அழைப்பது. எந்தக் கயிறு, எந்தச் செருப்பு, முதலில் எந்தப் பாறை, பயம் வந்தால் என்ன செய்வது என்று அண்ணன் தம்பிக்குச் சொல்வதுபோல் சொன்னது. கிர்கஸ் அடுத்த ஆண்டே விமானப்படையில் பணியாற்றும்போது போரில் மறைந்தார். அவர் புத்தகம் ஒரு தலைமுறைப் பையன்களைப் பாறைக்கு அனுப்பியது.

அந்தப் பையன்கள் வாஸ்டேல் விடுதியின் வர்க்கம் அல்ல. மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைத் தெருக்களிலிருந்து ரயிலோ பேருந்தோ பிடித்தால் ஒரு மணி நேரத்தில் எட்டக்கூடிய கரட்டு மணற்பாறை விளிம்புகள் பீக் மாவட்டத்தில் இருந்தன. மிக நீளமான ஸ்டேனேஜ் விளிம்பின் அடியில், விற்காமல் போன ஆலைக்கற்கள் நூற்றுக்கணக்கில் புல்லில் சாய்ந்து கிடக்கின்றன. ஆலைக்கல் வெட்டிய பாறையே பிறகு ஏறும் பாறையாயிற்று. உயரம் பெரும்பாலும் இருபது மீட்டருக்குள். உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு. விரிசலில் கையைச் செருகி முறுக்கினால் புறங்கைத் தோல் உரியும். ஜே. டபிள்யூ. பட்ரெல் போன்ற ஷெஃபீல்டுக்காரர்கள் 1880களிலேயே இங்கே ஏறத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் பாறைக்குப் போகும் பொட்டல் நிலம் முழுக்கப் பறவை வேட்டைப் பிரபுக்களின் உடைமை, காவலாள் விரட்டுவான். 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் கிண்டர் ஸ்கவுட் மலையில் அத்துமீறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். ஏறப் பழகும் ஏழைக்கு முதல் தடை செங்குத்து அல்ல, வேலிதான் என்பதை அந்த வழக்கு ஊரறியச் செய்தது.

இந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் பெரியவர் ஜோ பிரவுன். மான்செஸ்டர் சேரித் தெருவில் ஏழாவது பிள்ளை. கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை போய்விட்டார். குழாய் வேலை பழகியவர். முதலில் ஏறியது அம்மா கழித்துப் போட்ட துணி உலர்த்தும் கயிற்றைக் கட்டிக்கொண்டு. எந்தப் பயிற்சி ஆசிரியரும் தலையில் கை வைத்துக்கொள்ளும் தொடக்கம் இது. அவரும் டான் வில்லன்ஸும் இருந்த ராக் அண்டு ஐஸ் குழு 1951இல் அமைந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1955 மே மாதத்தில், இமயத்தின் கஞ்சன்ஜங்காவை முதன்முதல் ஏறி முடித்த இருவரில் பிரவுன் ஒருவர். சிக்கிம் மக்களுக்குக் கொடுத்த வாக்கின்படி உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள்.

விதியை உண்மையில் தளர்த்தியது நைலான். போர்க்காலத்தில் படைக்கென்று செய்த நைலான் கயிறுகள் போர் முடிந்ததும் உபரிச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. நைலானின் சிறப்பு வலிமை மட்டுமல்ல, இழுபடுவது. விழுபவரை அது ஒரே வெட்டில் நிறுத்தாமல், ரப்பர்போல் நீண்டு, வேகத்தை மெல்ல உறிஞ்சி நிறுத்துகிறது. நனைந்தாலும் மக்காது. 1953இல் ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம் உள்ளே இழைக்கற்றையும் வெளியே பின்னிய உறையுமாகக் கயிறு செய்தது. இன்று உலகெங்கும் ஏறுபவர் பயன்படுத்துவது அந்தக் கட்டமைப்பைத்தான்.

கயிறு தாங்கினாலும் நடுவழியில் அதைப் பாறையோடு மாட்ட ஏதாவது வேண்டும். ஐரோப்பியப் பெருநிலத்தில் பாறையில் இரும்பு முளை அடித்தார்கள். மியூனிக்கின் ஓட்டோ ஹெர்ட்சாக் 1910 வாக்கிலேயே தீயணைப்பு வீரர்களின் கொக்கியைப் பார்த்து அதில் மாட்டும் காராபினரைக் கொண்டுவந்தார். பிரிட்டிஷார் முளையை அவமானமாகக் கருதினார்கள். அதற்குப் பதிலாகச் சட்டைப்பையில் கூழாங்கற்களை எடுத்துப் போய், விரிசலில் செருகி, அதைச் சுற்றிக் கயிற்று வளையம் கோத்தார்கள். 1950களில் வேல்ஸ் நாட்டு ஸ்னோடன் மலையில், ரயில் பாதையோரம் நடந்து பாறைக்குப் போனவர்கள் வழியில் கிடந்த இரும்பு நட்டுகளைப் பொறுக்கினார்கள். நட்டில்தான் துளை தயாராக இருக்கிறதே. கயிறு கோத்தால் கூழாங்கல்லைவிட வசதி. பிறகு மரைகளை அராவி எடுத்தார்கள். 1960களின் தொடக்கத்தில் ஜான் பிரெய்ல்ஸ்ஃபோர்டு அதை ஆப்பு வடிவ அலுமினியத் துண்டாகவே வார்த்தார். சாமான் மாறியும் பெயர் மாறவில்லை. இன்றும் அது ‘நட்’ தான். அடிக்காமல் செருகி, பின்னால் வருபவர் கையால் உருவிக்கொண்டு வரும் இந்த முறை பாறையைக் காயப்படுத்துவதில்லை. பின்னால் ஏறும் புதியவருக்கு இதனால் ஒரு வேலையும் கிடைத்தது: நட்டுகளைக் கழற்றி எடுத்து வருவது. முன்னே போனவர் எதை எங்கே எப்படி வைத்தார் என்பதை அவர் தடவிப் பார்த்தே கற்றுக்கொண்டார். இதைவிட நல்ல பாடமுறையை யாரும் திட்டமிட்டு உண்டாக்கியிருக்க முடியாது.

1970 வாக்கில் இரண்டு சாமான்கள் ஒருசேர வந்தன. அன்னபூர்ணா தென்முகப் பயணத்துக்காக வில்லன்ஸ் வடிவமைத்த ஹார்னஸ், இடுப்பையும் தொடையையும் சேர்த்துப் பிடித்தது. விலாவை நெரிக்கும் பழைய கதை முடிந்தது. ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஷ்டிக்ட் செய்த துளையிட்ட உலோகத் தகடு, கயிறு பிடிப்பவரின் முதுகுக்கும் உள்ளங்கைக்கும் பதிலாக உராய்வை ஏற்றுக்கொண்டது. அதுவரை கயிற்றை முதுகைச் சுற்றிப் பிடித்தவர்களுக்குக் கை வெந்துபோவது சகஜம். 1978இல் ரே ஜார்டினின் விரியும் கருவி, ‘ஃப்ரெண்டு’ என்ற பெயரில், நட் நிற்காத இணைவிரிசல்களுக்கும் வழி செய்தது. காலணியும் சும்மா இருக்கவில்லை. ஆணியடித்த பூட்ஸ் போய், பாரிஸ் அருகே ஃபோந்தேன்புளோ காட்டுப் பாறைகளில் பியேர் அலெய்ன் உருவாக்கிய வழவழ ரப்பர் அடிச் செருப்பு வந்தது. 1980களில் ஸ்பெயினிலிருந்து ஒட்டும் ரப்பர் வந்தது.

இத்தனைக்குப் பிறகு முன்னே ஏறுபவர் விழலாம் என்றாயிற்று. நன்றாக வைத்த நட் இருக்கிற இடத்தில் மட்டும். விழுந்தால் நடுவில் திண்டு இடிக்காது என்று தெரிந்த இடத்தில் மட்டும். எளிய வழிகளில்தான் திண்டுகள் அதிகம் என்பதால், புதியவர் முன்னே போகும் இடங்களில் பழைய விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. செங்குத்தான கடின வழியில் விழுபவர் காற்றில் விழுகிறார். படிகளாக அமைந்த எளிய வழியில் விழுபவர் படியில் விழுகிறார்.

பயிற்சி நிறுவனமானதும் இதே காலத்தில்தான். 1944இல் பிரிட்டிஷ் மலையேற்றக் கழகங்களின் கூட்டமைப்பு, 1955இல் வேல்ஸில் பிளாஸ் இ பிரெனின் தேசியப் பயிற்சி மையம். பிறகு ஆசிரியர்களுக்குத் தகுதிச் சான்றிதழ்கள். 1964இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளர் டான் ராபின்சன் ஒரு நடைபாதையின் செங்கல் சுவரில் சில கற்களைப் பெயர்த்து, அந்த இடங்களில் உண்மைப் பாறைத் துண்டுகளைப் பதித்தார். மழைக்கால மாலைகளில் மாணவர்கள் அதில் பக்கவாட்டில் நகர்ந்து விரல்களை இரும்பாக்கினார்கள். 1968இல் அங்கே தொடங்கிய ஜான் சிரெட் என்ற மாணவர் இரண்டே ஆண்டில் யார்க்‌ஷர் மணற்பாறையின் மிகக் கடினமான வழிகளில் ஏறியபோது, பழைய தலைமுறை வாயடைத்துப் போயிற்று. பல பருவங்கள் பின்முனையில் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு அந்த நடைபாதையில் உடைந்தது. 1991இல் ஷெஃபீல்டில் ஃபவுண்டரி என்ற கூடம் திறந்தபின், நகரத்துக்கு நகரம் ஏறும் கூடங்கள் வந்தன. இப்போது வெளிப்பாறைக்கு முதன்முதல் வரும் பலர் ஏற்கனவே நன்றாக ஏறத் தெரிந்தவர்கள். வண்ணப் பிடிகள் இல்லாத பாறையில் எதைப் பிடிப்பது, ஆடும் கல்லைத் தட்டிப் பார்ப்பது எப்படி, மழை வந்தால் எப்படி இறங்குவது, நங்கூரம் எங்கே போடுவது என்பவைதாம் அவர்களுக்குப் புதியவை. கோல்ரிட்ஜுக்கும் தெரியாமல் போனவை அவையே.

வெளியில் தொடங்குபவருக்கு ஏற்ற பாறைகளைத் தேடித் தந்தவர்களை வரலாறு அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை. கடின வழி திறந்தவருக்கே பெயர். பென்ட்லி பீதம் விதிவிலக்கு. பார்னார்டு காசில் ஊரில் பள்ளி ஆசிரியர். 1924 எவரெஸ்ட் பயணத்தில் இடம் பெற்றவர். ஊர் திரும்பிய பிறகு, பள்ளிப் பையன்களைக் கூட்டிக்கொண்டு பாரோடேலுக்கு வந்து, மற்றவர்கள் புதர் என்று ஒதுக்கிய பாறைகளில் செடியையும் மண்ணையும் சுரண்டி, எளிய வழிகளைத் திறந்துகொண்டே இருந்தார். டெர்வென்ட்வாட்டர் ஏரியின் தெற்கே, ஷெப்பர்ட்ஸ் கிராக் என்ற பாறையில் 1946 மே மாதம் அவர் கண்ட வழிக்கு லிட்டில் ஷமோனி என்று பெயர் வைத்தார். படிநிலை: மிகக் கடினம். அதாவது, புதியவருக்கு உகந்தது. சாலையிலிருந்து சில நிமிட நடை, கீழே பண்ணை வீட்டுத் தேநீர்க்கடை, நடுவில் குதிரைச் சேணம்போல் கால் போட்டு உட்காரும் ஒரு கல், முடிவில் செங்குத்துச் சுவரில் கை நிறையப் பிடிகள்; பின்னால் திரும்பிப் பார்த்தால் ஏரி. 1970களில் உள்ளூர்க்காரர் ஒருவர் கையில் குத்துச்சண்டை உறையும் காலில் சக்கரச் செருப்பும் மாட்டிக்கொண்டு இதில் ஏறிக் காட்டினார்.

நேப்ஸ் நீடிலில் ஹாஸ்கெட் ஸ்மித் போன வழியை இன்று முதல் நாள் பழகுபவருக்குக் கொடுப்பதில்லை. அது அவர்களுக்கு மீறியது. அவர்கள் வருவது லிட்டில் ஷமோனிக்குத்தான். ஆயிரக்கணக்கான கால்கள் அதே பிடிகளில் வைத்து வைத்து, அம்மிக்கல்போல் அவை தேய்ந்து பளபளக்கின்றன. மழை பெய்தால் கண்ணாடியாக வழுக்கும். பக்கத்திலிருக்கும் கடின வழிகளில் கால் படுவது குறைவு. அவை இன்னும் சொரசொரப்பாகவே இருக்கின்றன.